சாமர்செட்டின் முதல் சாம்பியன்ஷிப்புக்கு எந்த வழி?

இங்கிலாந்தின் கவுண்டி (மாவட்ட) கிரிக்கெட் அணிகளில் ஒன்றான சாமர்செட், அந்த அணிகளுக்கான கவுண்டி சாம்பியன்ஷிப்பில் 1891 முதல் ஆடிவருகிறது. ஒருமுறைகூடக் கோப்பையை வென்றதில்லை. 2001, 2010, 2012, 2016, 2018, 2019 என்று இந்த நூற்றாண்டில் மட்டும் ஆறு முறை இரண்டாம் இடம். 2010-ல் நாட்டிங்காம்ஷையரோடு புள்ளிகள்கூடச் சமம். அவர்கள் ஓர் ஆட்டம் கூடுதலாக வென்றிருந்ததால் கோப்பை அங்கே போனது. 2016-ல் தங்கள் ஆட்டத்தை முடித்துவிட்டுச் சொந்த மைதானமான டாண்டனில் உட்கார்ந்து, லார்ட்ஸில் மிடில்செக்ஸ் ஆட்டம் என்ன ஆகிறது என்று தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டோபி ரோலண்ட் ஜோன்ஸ் ஹாட்ரிக் எடுத்து மிடில்செக்ஸை ஜெயிக்கவைத்தார், கோப்பை அவர்களுக்குப் போனது. இந்த அணியைப் பிடித்துப்போனவர்களுக்கு இதெல்லாம் மனப்பாடம்.

கவுண்டிகளின் டி20 கோப்பையான பிளாஸ்ட்டை 2005, 2023, 2025 என்று மூன்று முறை வென்றுவிட்டார்கள். நான்கு நாள் ஆட்டமான சாம்பியன்ஷிப்பில்தான் அந்தக் கடைசிப் படி இன்னும் ஏறவில்லை. இப்போது நூறு பந்து லீக்கான தி ஹண்ட்ரட் அணிகளின் பங்குகளை விற்ற பணம் எல்லாக் கவுண்டிகளுக்கும் பகிரப்படுகிறது. ஆகவே ரசிகர்கள் கூடிப் பேசும் இடத்திலெல்லாம் ஒரே கேள்விதான்: ஆட்களுக்குச் செலவழிக்க இருக்கும் பணத்தை எதில் போடுவது? சாம்பியன்ஷிப் ஆட்டம் ஒவ்வொன்றிலும் இரண்டு வெளிநாட்டு வீரர்களை இறக்கலாம். அந்த இரண்டு இடங்களுக்கும் பெரிய பெயர்களைச் சில வாரங்களுக்கு மட்டும் வரவழைப்பதா? பருவம் முழுக்க இருக்கும் ஒருவரைப் பிடிப்பதா? வேறு கவுண்டியில் நன்றாக ஆடுபவரை இழுத்துக்கொள்வதா? இல்லை, நம் பிள்ளைகளை நம்பி விடுவதா?

இதை வெறும் வாய்ப்பேச்சு என்று தள்ளிவிட முடியாது. பெரும்பாலான கவுண்டிகள் உறுப்பினர்களுக்குச் சொந்தமானவை, சாமர்செட்டும் அப்படித்தான். 1986-ல் மேற்கிந்தியத் தீவுகளின் விவ் ரிச்சர்ட்ஸையும் ஜோயல் கார்னரையும் விட்டுவிட்டு நியூசிலாந்தின் மார்ட்டின் குரோவைக் கொண்டுவருவது என்று நிர்வாகக் குழு முடிவெடுத்தபோது, ஷெப்டன் மாலட்டில் கூட்டம் கூடி உறுப்பினர்களே வாக்களித்தார்கள். குழுவின் பக்கம்தான் வாக்கு விழுந்தது. அவர்களோடு ஆடிய இயன் போத்தம் வெறுத்துப்போய் வூஸ்டர்ஷையருக்குப் போனார். வெளிநாட்டு வீரர் விஷயத்தில் ஒரு கவுண்டி எடுக்கும் முடிவு ஒரு தலைமுறைக்கே வடுவாக நிற்கும் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

முதலில் குறுகிய கால விருந்தாளிகளைப் பார்ப்போம். நம்மூர்க்காரர்கள் பலர் கவுண்டிக்குப் போனது இந்த வழியில்தான் என்பதால் நமக்கு இது நன்றாகத் தெரிந்த கதை. ஏப்ரல், மே ஐபிஎல்லுக்குப் போய்விடும். அதனால் இந்திய வீரர்கள் பெரும்பாலும் ஜூனுக்கு மேல் வந்து இரண்டு, மூன்று, நான்கு ஆட்டம் ஆடிவிட்டுத் திரும்புவார்கள்.

முரளி விஜய்யை எடுத்துக்கொள்ளுங்கள். 2018 செப்டம்பரில் எசெக்ஸுக்குப் போனார். இங்கிலாந்து டெஸ்ட் தொடரில் ரன் வராமல் பாதியில் நீக்கப்பட்ட கையோடு போனவர், முதல் ஆட்டத்திலேயே நாட்டிங்காம்ஷையருக்கு எதிராக முதல் இன்னிங்ஸில் 56, இரண்டாவதில் சதம். அடுத்த ஆண்டு அதே செப்டம்பரில் சாமர்செட் அவரைக் கூப்பிட்டது. அதுவரை வெளிநாட்டு வீரராக ஆடிய பாகிஸ்தானின் அசார் அலி கிளம்பிவிட்டார், பருவத்தில் மூன்று ஆட்டம் பாக்கி, பட்டியலில் முதலிடம், கோப்பை கைக்கெட்டும் தூரத்தில். விஜய்யிடமிருந்து ஓர் அரைசதம்கூட வரவில்லை. அதே ஆள், அதே மாதம், அதே இங்கிலாந்து ஆடுகளங்கள். ஓர் ஆண்டில் பொன்னாக விளைந்தது அடுத்த ஆண்டில் பதராகப் போனது. இதில் விஜய்யைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஐந்தாறு இன்னிங்ஸில் எந்த மட்டையாளருக்கும் இரண்டுமே நடக்கும். ஒரு கவுண்டி தன் நூறாண்டுக் கனவை ஐந்தாறு இன்னிங்ஸின் மேல் வைக்கலாமா என்பதே கேள்வி.

வந்தவர் நன்றாகவே ஆடினாலும் அணி கரை சேரும் என்பதற்கு உறுதி கிடையாது. அஸ்வின் 2019-ல் நாட்டிங்காம்ஷையருக்கு ஐந்து ஆட்டங்களில் 34 விக்கெட் எடுத்தார், ரன்னும் அடித்தார். அந்த அணி பருவம் முழுக்க ஓர் ஆட்டம்கூட வெல்லாமல் முதல் பிரிவில் கடைசி இடத்தில் முடித்து, கீழே இருக்கும் இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. 2021-ல் சர்ரேக்காக ஒரே ஓர் ஆட்டம், ஓவலில், எதிரணி நம் சாமர்செட். இரண்டாவது இன்னிங்ஸில் 27 ரன்னுக்கு 6 விக்கெட். சாமர்செட் 69-க்குச் சுருண்டது. அவ்வளவு போட்டும் ஆட்டம் டிராதான். அஸ்வினுக்கு அது டெஸ்ட் தொடருக்கான பயிற்சி. அந்தத் தொடரில் அவரை ஒரு டெஸ்ட்டிலும் இறக்கவில்லை என்பதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது, ஆனால் அது வேறு கதை.

2024 செப்டம்பரில் சர்ரே ஷகிப் அல் ஹசனை ஒரே ஆட்டத்துக்கு வரவழைத்தது. டாண்டனில் சாமர்செட்டுக்கு எதிராக அவர் ஒன்பது விக்கெட் எடுத்தார். சர்ரே தோற்றது. போதாததற்கு அவருடைய பந்துவீச்சு முறை மேல் நடுவர்கள் புகார் எழுதினார்கள். 2025-ல் ருதுராஜ் கெய்க்வாட் யார்க்ஷையருக்கு ஒப்பந்தமாகி, முதல் ஆட்டத்துக்குச் சில நாள் முன்பு சொந்தக் காரணத்தால் வரவில்லை என்று சொல்லிவிட்டார். யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை, அவரவருக்கு ஆயிரம் இருக்கும். ஆனால் அணியைத் தேர்ந்தெடுக்கும் பயிற்சியாளர் கடைசி நேரத்தில் ஆள் தேட வேண்டிவந்தது. நல்லவேளையாக இமாம் உல் ஹக் கிடைத்தார், ஒருநாள் கோப்பையில் ரன்களைக் குவித்தார்.

விருந்தாளிகளுக்குச் சாதகமாகவும் சொல்ல வேண்டும். சாய் சுதர்சன் சர்ரேக்காக 2024-ல் டிரென்ட் பிரிட்ஜில் அடித்த சதம், வாஷிங்டன் சுந்தர் 2022-ல் லங்காஷையருக்காக முதல் ஆட்டத்திலேயே எடுத்த ஐந்து விக்கெட், திலக் வர்மா 2025-ல் ஹாம்ப்ஷையருக்காக முதல் ஆட்டத்தில் அடித்த சதம் இவையெல்லாம் கண்ணுக்கு விருந்து. கவுண்டிகளின் யூடியூப் நேரலைக்கு இந்தியாவிலிருந்து கூட்டம் சேருவதும் இவர்களால்தான். வீரருக்கு இது நல்ல பள்ளி. கவுண்டிக்கு இது லாட்டரி.

இப்போது பருவம் முழுக்க நிற்பவர்கள். எசெக்ஸின் சைமன் ஹார்மரை விடச் சிறந்த உதாரணம் இந்தக் காலத்தில் இல்லை. தென்னாப்பிரிக்கச் சுழற்பந்து வீச்சாளர். 2017-ல் வந்தார், அந்த ஆண்டே 72 சாம்பியன்ஷிப் விக்கெட், எசெக்ஸ் சாம்பியன். 2019-ல் 83 விக்கெட், மறுபடியும் சாம்பியன். அதே 2019-ல் அவர் தலைமையில் பிளாஸ்ட் கோப்பையும் வந்தது. அப்போது கோல்பாக் என்ற ஏற்பாடு இருந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தோடு ஒப்பந்தம் உள்ள நாடுகளின் குடிமக்கள் வெளிநாட்டு வீரர் என்ற கணக்கில் வராமல் ஆட முடிந்தது. பிரெக்சிட்டுக்குப் பிறகு 2020-ன் முடிவோடு அது போய்விட்டது. ஹார்மர் அதன் பின்னும் எசெக்ஸிலேயே இருந்தார், வெளிநாட்டு வீரராக.

சாமர்செட்காரர்களுக்கு அதைவிட வலிக்கும் உதாரணம் தென்னாப்பிரிக்க வேகப்பந்து வீச்சாளர் கைல் அபாட். 2019 செப்டம்பர், சவுத்தாம்ப்டன். எதிரணி, நான் மேலே சொன்ன விஜய் ஆடிய அதே சாமர்செட், முதலிடத்தில் இருந்த அணி. 2017-லிருந்து ஹாம்ப்ஷையரில் ஊறிப்போன அபாட், தன் சொந்த மைதானத்தில் முதல் இன்னிங்ஸில் 40 ரன்னுக்கு 9, இரண்டாவதில் 46 ரன்னுக்கு 8. மொத்தம் 86 ரன்னுக்கு 17 விக்கெட். 1956-ல் ஜிம் லேக்கர் 19 எடுத்ததற்குப் பிறகு முதல்தர ஆட்டத்தில் அதுதான் மிகச் சிறந்த கணக்கு. ஒரு பக்கம் மூன்று ஆட்டத்துக்கு வந்தவர், இன்னொரு பக்கம் மூன்றாவது பருவத்தை முழுதாக ஆடிக்கொண்டிருந்தவர். கோப்பை அந்த ஆட்டத்தில்தான் நழுவத் தொடங்கியது.

மீதியை அடுத்த வாரம் மழை பார்த்துக்கொண்டது. டாண்டனில் எசெக்ஸுடன் கடைசி ஆட்டம், சாமர்செட் வென்றால்தான் கோப்பை. நாள் கணக்கில் மழை. கடைசி நாள் ஜாக் லீச் ஐந்து விக்கெட் எடுத்து எசெக்ஸை 141-க்கு உருட்டினார். வேறு வழியில்லாமல் சாமர்செட் தன் இரண்டாவது இன்னிங்ஸையே விட்டுக்கொடுத்து, சுமார் ஒரு மணி நேரத்தில் 63 ரன் எடு பார்க்கலாம் என்று எசெக்ஸை இறக்கியது. கடைசி நிமிடங்களில் மார்கஸ் டிரெஸ்கோதிக் மாற்று ஃபீல்டராக உள்ளே வந்தார். 1993-லிருந்து அந்த அணிக்கு ஆடியவர், அன்றோடு ஓய்வு. மட்டையைச் சுற்றிப் பதினொரு பேரும் நெருங்கி நிற்க, எசெக்ஸ் ஒரு விக்கெட்டுக்கு 45-ல் இருந்தபோது கைகுலுக்கி முடித்தார்கள். எசெக்ஸ் சாம்பியன். சாமர்செட்டின் எல்லாக் காலத்துச் சிறந்த மட்டையாளர்களில் ஒருவர் சாம்பியன்ஷிப் பதக்கம் இல்லாமலே போனார்.

பருவம் முழுக்க நிற்பவரால் விக்கெட் மட்டும் வருவதில்லை. ஏப்ரலில் குளிர், ஈரம், தையலில் பட்டு விலகும் பந்து. ஜூனில் காய்ந்த தரை. செப்டம்பரில் காலைப் பனியும் தேய்ந்த ஆடுகளமும். பதினான்கு ஆட்டங்களும் இந்த மூன்று காலத்துக்கும் பரவிக்கிடக்கின்றன. எந்த முனையிலிருந்து எந்த நீளத்தில் போட வேண்டும் என்பது டாண்டனில் ஒரு சட்டம், யார்க்ஷையரின் ஸ்கார்பரோவில் வேறு சட்டம். மே மாதம் அதைக் கற்றவர் செப்டம்பரில் இருந்தால்தான் அந்தப் பாடத்துக்குப் பலன். இதில் ஒரே ஆபத்து காயம். எல்லாப் பணத்தையும் ஒரு வேகப்பந்து வீச்சாளரின் முதுகின் மேல் வைத்துவிட்டு ஜூனில் அவர் படுத்துக்கொண்டால் பருவமே போச்சு. தேசிய அணி கூப்பிட்டாலும் அதே கதிதான். அதனால்தான் தன் நாட்டு அணியின் வாசலில் நிற்பவரை விட, அந்த வாசலைத் தாண்டி வந்துவிட்ட முப்பது வயதுக்காரரே கவுண்டிக்கு உத்தமம் என்பது என் எண்ணம்.

மூன்றாவது வழி, வேறு கவுண்டியிலிருந்து ஆள் எடுப்பது. மற்ற மூன்று வழிகளைப் பற்றியே சண்டை போட்டுக்கொண்டிருக்கும் ரசிகர்கள் இதை அதிகம் கவனிப்பதில்லை, ஆனால் சமீபத்திய சாம்பியன்களைப் பாருங்கள். 2022, 2023, 2024 என்று மூன்று ஆண்டு தொடர்ந்து வென்ற சர்ரேயில் பென் ஃபோக்ஸ் எசெக்ஸிலிருந்து, ஜோர்டன் கிளார்க் லங்காஷையரிலிருந்து, ஜேமி ஓவர்டன் நம்மிடமிருந்து வந்தவர்கள். டான் வொரல் ஆஸ்திரேலியர், குளோஸ்டர்ஷையரில் வெளிநாட்டு வீரராக ஆடியவர். பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இருந்ததால் சர்ரேயில் உள்ளூர் வீரராகவே இறங்கினார். வெளிநாட்டு இடம் ஒன்றையும் செலவழிக்காமல் ஓர் அருமையான வேகப்பந்து வீச்சாளர்!

2025-ல் சர்ரேயை ஓவலிலேயே 20 ரன்னில் தோற்கடித்து, பிறகு கோப்பையையும் வென்ற நாட்டிங்காம்ஷையர் இன்னும் நல்ல பாடம். குறுகிய கால விருந்தாளிகளால் ஜெயித்த அணி என்று அதைத்தான் எல்லோரும் காட்டுவார்கள். ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் ஃபெர்கஸ் ஓநீல் தொடக்கத்தில் நான்கு ஆட்டங்களில் 21 விக்கெட் எடுத்தது உண்மை. இஷான் கிஷன் இரண்டு ஆட்டங்கள் ஆடி 87, 77 என்று அடித்ததும் உண்மை. ஆனால் பருவம் முழுக்க அணியைத் தாங்கியவர்கள் யார்? கேப்டன் ஹசீப் ஹமீத் ஆயிரம் ரன்னுக்கு மேல் குவித்தார். அவர் லங்காஷையரிலிருந்து வந்தவர். ஜோ கிளார்க், ஜாக் ஹேன்ஸ், ஜோஷ் டங், டில்லன் பென்னிங்டன் நால்வரும் வூஸ்டர்ஷையர் பிள்ளைகள். அந்த வூஸ்டர்ஷையர் அதே 2025-ல் முதல் பிரிவிலிருந்து இறங்கிப்போனது. விருந்தாளிகள் ஏற்கெனவே நன்றாக ஓடும் அணிக்கு வேகம் கூட்டினார்கள், அவ்வளவுதான்.

இந்த வழியில் பலன் இருக்கிறது, ஆனால் எனக்கு மனசு ஒப்பவில்லை. டெஸ்ட் மைதானம் உள்ள பெரிய கவுண்டி சின்னக் கவுண்டியின் தோட்டத்தில் பறித்துக்கொண்டே இருந்தால் கடைசியில் பதினெட்டு கவுண்டிகள் எதற்கு? சாமர்செட் இந்தக் கொடுமையை இரண்டு பக்கமும் பார்த்தது. டாண்டனில் பிறந்த ஜாஸ் பட்லர் விக்கெட் கீப்பிங் செய்ய வேண்டும் என்பதற்காக 2013-க்குப் பிறகு லங்காஷையர் போனார். ஜேமி ஓவர்டன் சர்ரேக்கு, டாம் பெஸ் யார்க்ஷையருக்கு. மறுபக்கம் டர்ஹாமிலிருந்து சாமர்செட் கொண்டுவந்த ஷான் டிக்சன் 2023 பிளாஸ்ட் இறுதி ஆட்டத்தில் 53 அடித்தார், கோப்பை வந்தது. அன்று அவர் எங்கிருந்து வந்தார் என்று யாரும் கேட்கவில்லை. ஆட்டம் கிடைக்காமல் ஒதுக்கப்பட்டவரை எடுத்து வாழவைப்பது ஒன்று, நன்றாக ஆடிக்கொண்டிருப்பவரைச் சம்பளம் காட்டிப் பிரிப்பது வேறு. முதலாவதைச் செய்யட்டும்.

நான்காவது, சொந்தப் பிள்ளைகள். இதைச் சொல்லும்போது 2024 செப்டம்பர் ஆட்டத்துக்கு, ஷகிப் ஒன்பது விக்கெட் எடுத்த அதே ஆட்டத்துக்குத் திரும்ப வேண்டும். கடைசி நாள் மாலை, சர்ரேக்கு 221 இலக்கு, மூன்று விக்கெட்டுக்கு 95. டிரா என்று எல்லோரும் எழுதிவைத்துவிட்ட நேரம். ஒரு முனையில் டாண்டனிலேயே பிறந்த லீச். மறுமுனையில் 18 வயது ஆர்ச்சி வான், முன்னாள் இங்கிலாந்து கேப்டன் மைக்கேல் வானின் மகன், சாமர்செட் அகாடமியில் தேறியவர். 14 ரன்னுக்குள் ஏழு விக்கெட். 109-க்கு சர்ரே காலி. நாள் முடியச் சில நிமிடங்களே பாக்கி. பத்து விக்கெட்டும் இந்த இருவருக்கே, ஆளுக்கு ஐந்து. முதல் இன்னிங்ஸில் வேறு அந்தப் பையன் ஆறு எடுத்திருந்தான். நேரலையில் வர்ணனையாளரின் குரல் உடைந்ததா அல்லது எனக்குத்தான் கேட்கவில்லையா, தெரியவில்லை.

அதற்கு அடுத்த இரண்டு வாரத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பிளாஸ்ட் இறுதியில் குளோஸ்டர்ஷையரிடம் தோல்வி. லங்காஷையரிடம் நான்கு நாள் ஆட்டத்தில் தோல்வி, சர்ரே சாம்பியன். ஒருநாள் கோப்பை இறுதியில் கிளமோர்கனிடம் தோல்வி. மூன்று கோப்பைகளும் ஒரே செப்டம்பரில் கையை விட்டுப் போயின. சின்ன அணி, அதே ஆட்கள் மூன்று போட்டியிலும் ஓடி ஓடிக் களைத்துப்போனார்கள். சொந்தப் பிள்ளைகளை மட்டும் நம்பினால் வரும் சிக்கல் இதுதான்: திறமைக்குக் குறைவில்லை, தோள் கொடுக்க ஆள் குறைவு. நன்றாக வந்தால் இங்கிலாந்து அணி வேறு எடுத்துக்கொள்ளும்.

ஆனாலும் பிள்ளைகளைக் கைவிடாத கவுண்டிக்கு என்ன நடக்கும் என்பதை லெஸ்டர்ஷையர் 2025-ல் காட்டியது. ஸ்டூவர்ட் பிராடையும் ஜேம்ஸ் டெய்லரையும் நாட்டிங்காம்ஷையருக்குப் பறிகொடுத்த சின்னக் கவுண்டி, ரெஹான் அகமதைத் தக்கவைத்துக்கொண்டது. டெர்பிஷையருக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் அவர் சதமும் அடித்து 13 விக்கெட்டும் எடுத்தார். 2003-ல் முதல் பிரிவிலிருந்து இறங்கிய அணி, இரண்டாம் பிரிவில் முதலிடம் பிடித்து மேலே வந்துவிட்டது.

சரி, நான் நிர்வாகக் குழுவில் இருந்தால் எதற்குக் கை தூக்குவேன்? வெளிநாட்டு இடங்களில் ஒன்றை, ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை இருக்கச் சம்மதிக்கும் அனுபவமுள்ள வேகப்பந்து வீச்சாளருக்குக் கொடுப்பேன். நம் வேகப்பந்து வீச்சாளர்கள் கிரெய்க் ஓவர்டனும் லூயிஸ் கிரெகரியும் எத்தனை ஆண்டு பாரத்தைச் சுமப்பார்கள்? சுழலுக்கு வெளியாள் தேவையில்லை, லீச்சும் வானும் இருக்கிறார்கள். கோடையில், தையல் சீக்கிரம் அமுங்கி வேகத்துக்கு உதவாத கூக்காபுரா பந்தை வைத்து ஆடிய சுற்றுகளும் 2026-லிருந்து இல்லை என்று முடிவாகிவிட்டதால், ஜூன், ஜூலையில் சுழற்பந்து விருந்தாளிக்கு இருந்த மதிப்பும் குறைந்துவிட்டது.

இன்னொரு இடம் தொடக்க ஆட்டக்காரருக்கு. டிரெஸ்கோதிக் போன பிறகு அந்த ஓட்டை சரியாக அடைபடவே இல்லை. இதற்கும் முழுப் பருவ ஆள்தான் வேண்டும். கிடைக்காவிட்டால் ஏப்ரல், மேயில் ஆடியவரே செப்டம்பரிலும் திரும்பி வர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளலாம். அதுவும் நடக்காவிட்டால் அந்த இடத்தைக் காலியாகவே விட்டு ஓர் உள்ளூர்ப் பையனைப் பதினான்கு ஆட்டமும் ஆடவைப்பேன். செப்டம்பருக்கு மட்டும் பெரிய பெயர் ஒன்றைக் கூப்பிடுவதற்கு என் வாக்கு கிடையாது. மிச்சப்படும் பணத்தில் ஜேம்ஸ் ரூவுக்கும் அவர் தம்பி தாமஸ் ரூவுக்கும் நீண்ட ஒப்பந்தம். ஜேம்ஸ் 2023-ல் 19 வயதில் ஹாம்ப்ஷையருக்கு எதிராக 221 அடித்தவர். அண்ணன், தம்பி இருவருமே விக்கெட் கீப்பர்கள். பட்லரை இழந்ததும் ஒரே அணியில் இரண்டு கீப்பர்கள் இருந்ததால்தான். யார் கையில் கிளவுஸ் என்பதை இப்போதே அந்தக் குடும்பத்தோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்துவிட வேண்டும், பெரிய கவுண்டி ஒன்று தொலைபேசியில் கூப்பிடும்வரை காத்திருக்கக் கூடாது.